பாய்லர் ரூமிலிருந்து வந்த வெள்ளைத் தூசு

மூன்று வாரமாக வீட்டில் எதைத் தட்டப் போனாலும் கை பாதியில் நின்றுவிடுகிறது. தலையணை உறை, மிதியடி, பீரோ மேல் கிடக்கும் பழைய பை... கையைக் கீழே இறக்கிவிட்டு ஈரத்துணியைத் தேடுகிறேன். என் கணவர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். பார்க்கட்டும். உங்களிடம் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் கல்லூரித் தோழி கலைவாணி. ஐ.டி. கம்பெனியில் டீம் லீட். அம்பத்தூரில் அவள் ஃபிளாட்டுக்கும் என் வீட்டுக்கும் நடந்தால் பத்து நிமிடம். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து அலுத்துப்போய், ஞாயிறானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பூவையும் பறவையையும் எடுக்க அல்ல. அவளுக்குப் பிடித்தது பாழடைந்த கட்டிடங்கள். மூடிப்போன தியேட்டர், ஆளில்லாத குவார்ட்டர்ஸ், கூரை இறங்கிய குடோன்.

துணைக்கு நான். போஸ் கொடுக்கவும் நான்தான். நாற்பத்திரண்டு வயதில் வேறு யார் நம்மை போட்டோ எடுக்கிறார்கள், சொல்லுங்கள்?

அந்த ஞாயிறு அவள் தேர்ந்தெடுத்தது அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் இருக்கும் ஒரு பழைய ரப்பர் கம்பெனி. மூடிப் பல வருஷம் ஆகிறது. முன் கேட்டில் பூட்டு. பின்பக்கச் சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. எங்களுக்கு முன்பே நிறையப் பேர் நுழைந்த அடையாளமாக, ஓரத்துச் செங்கற்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன.

அனுமதி வாங்கினீர்களா என்று கேட்காதீர்கள். வாங்கவில்லை. தப்புத்தான்.

உள்ளே பயப்படத் தயாராகத்தான் போனோம். பாம்பு இருக்கலாம், துருப்பிடித்த ஆணி இருக்கலாம், தெருநாய் குட்டி போட்டிருக்கலாம் — கலை எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். கனமான ஷூ, முழுக்கை சட்டை, டார்ச், முதலுதவி பாக்ஸ். கொரோனா காலத்துத் துணி மாஸ்க்கூட இரண்டு இருந்தன. அவை கடைசிவரை பைக்குள்ளேயே இருந்தன. மூச்சுக்கு என்ன ஆபத்து வரப்போகிறது?

கடைசியாக இருந்தது பாய்லர் ரூம். கூரை ஷீட் இரண்டு இடத்தில் உடைந்து, வெயில் தூண் தூணாக இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் யானை உயரத்துக்குத் துருப்பிடித்த பாய்லர். அதிலிருந்து நாலாபக்கமும் ஓடிய குழாய்களுக்கெல்லாம், கை உடைந்தவருக்குப் போடுகிற மாவுக்கட்டு மாதிரி, வெள்ளையாகத் தடிமனாக ஏதோ சுற்றியிருந்தது. பல இடங்களில் அது பிய்ந்து, பஞ்சு மாதிரி தொங்கியது.

கலை பக்கத்திலிருந்த இரும்பு ஏணியில் நாலு படி ஏறினாள். பேலன்ஸுக்காக மேலே ஓடிய குழாயைப் பிடித்தாள். பிடித்த இடம் அப்படியே கையோடு வந்துவிட்டது. ஒரு பெரிய கட்டி என் தோளில் விழுந்து உடைந்து, மாவு மூட்டை பிரிந்த மாதிரி என்னைச் சுற்றி வெள்ளையாக எழும்பியது.

நான் இருமினேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"அப்படியே நில்லுடி, அசையாத. வெயில்ல அந்தத் தூசு என்னமா இருக்கு தெரியுமா? இன்னும் கொஞ்சம் அள்ளி மேல போடேன்."

போட்டேன். ஒரு தடவை இல்லை. ஏழெட்டுத் தடவை. கையால் அள்ளி, ஹோலி கொண்டாடுகிற மாதிரி மேலே வீசி, அது மெதுவாக... ரொம்ப மெதுவாக இறங்குவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து சிரித்தபடி.

அரை மணி நேரம்.

வெளியே வரும்போது மணி ஒன்பதரை. பசி. கலையின் கணவர் மகேஷும், அவர்களுடைய நாலு வயது மகள் நிலாவும் காரில் வந்து எங்களை ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. அதுவரை டீ குடிக்கலாம் என்று, ஓட்டைக்கு எதிர்ப்பக்கம் நீல தார்ப்பாய் கட்டியிருந்த டிபன் வண்டியை நோக்கி நடந்தோம்.

வண்டியில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். அறுபது வயது இருக்கும். ஒல்லி. கரண்டியை அப்படியே நீட்டினார்.

"அங்கியே நில்லு."

நாங்கள் சாலையின் நடுவில் நின்றோம். வண்டியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீதாங்க கேக்க வந்தோம்" என்றாள் கலை.

"டீ அப்புறம். கிட்ட வராத. பாய்லர் ரூமாண்ட போனியா?"

கலைக்கு முகம் சிவந்துவிட்டது. நாலு பேர் முன்னால் 'கிட்ட வராத' என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் சுருக்கென்றிருக்காது? "போனா உங்களுக்கு என்னங்க? கம்பெனி உங்களுதா?" என்று கேட்டுக்கொண்டே, சட்டையில் இருந்த வெள்ளையைத் தட்டப் போனாள்.

"தட்டாத."

குரல் அவ்வளவு பெரிதாக வந்தது. வந்த வேகத்தில் அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இரண்டு தடவை இருமி, நிமிர்வதற்கு நேரமாயிற்று. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், "செல்வியக்கா, உக்காருக்கா" என்று ஸ்டூலை நகர்த்தினார். அவர் உட்காரவில்லை.

"அது... கல்நாரு. பைப்புக்கு சூடு எறங்காம இருக்க சுத்துவாங்க. அத்த தட்னா பறக்கும். பறந்தா மூக்குல பூரும். பூந்தா..." மூச்சு. "பூந்தா வெளிய வராது. உன்னாண்ட சண்ட போட எனக்கு தெம்பு இல்ல தாயி. நில்லு. தண்ணி ஊத்துறேன்."

கல்நார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த சொல். ஆஸ்பெஸ்டாஸ்.

நான் என் கைகளைப் பார்த்தேன். மணிக்கட்டு வரை வெள்ளை. நகக்கண்ணில் வெள்ளை. புருவத்தில் ஏதோ உறுத்தியது. தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை. மூச்சு விடலாமா கூடாதா என்றுகூட ஒரு கணம் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கார் வந்தது.

மகேஷ் வண்டியை ஓரம் கட்டினார். பின்கதவு திறந்தது. நிலா இறங்கினாள். மஞ்சள் கவுன், கையில் பாதி கடித்த பிஸ்கட். "அம்மா" என்று கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். தினமும் ஆபீஸிலிருந்து வரும்போது எப்படி ஓடி வருவாளோ அப்படி. கலையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைச் சட்டையில் புதைத்துத் தேய்ப்பாள், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இருபது அடி. பதினைந்து.

"வராத நிலா. நில்லு. வராத."

கலை அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. குழந்தை நின்றுவிட்டது. விரித்த கை விரித்தபடி. அம்மாவின் முகத்தைப் பார்த்தது. ஏதாவது விளையாட்டாக இருக்குமோ என்று சிரிக்கப் பார்த்தது. பிறகு இன்னும் ஒரு எட்டு வைத்தது.

கலை பின்னால் நகர்ந்தாள். பெற்ற குழந்தையிடமிருந்து ஒரு அம்மா பின்வாங்கி நகர்வதைப் பார்க்க நேர்ந்தால், அது நெஞ்சைவிட்டுப் போகாது.

"என்னாச்சு? என்ன அது மேலெல்லாம்?" மகேஷ் கோபமாக இறங்கி வந்தார்.

செல்வியக்கா நடுவில் வந்து நின்றார். "சார், கேள்வி அப்புறம். கொயந்தய தூக்கிக்கினு வண்டில ஏறு. கண்ணாடிய ஏத்திக்க. காத்து இங்கேர்ந்து அங்க அடிக்குது பாரு."

மகேஷ் காற்றைப் பார்த்தார். கலையைப் பார்த்தார். மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். கண்ணாடி ஏறிய பிறகு நிலா அழுவது கேட்கவில்லை. வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது.

தார்ப்பாய்க்குப் பின்னால், பாத்திரம் கழுவ வைத்திருந்த டிரம் தண்ணீரைச் செல்வியக்கா எங்கள் மேல் ஊற்றினார். உடுத்திய துணியோடு, தலையிலிருந்து. மூக்கையும் வாயையும் தன் முந்தானையால் கட்டிக்கொண்டு, தள்ளி நின்று, பிளாஸ்டிக் மக்கால் மொண்டு மொண்டு. "கண்ண மூடிக்க. வாய மூடிக்க. தேய்க்காத, தண்ணியே எறக்கும். நனஞ்சா பறக்காது."

துணியைக் கழற்றும்போதும், தலை வழியாக உருவாதே, முன்னால் பட்டனைத் திற, அப்படியே உள்பக்கமாகச் சுருட்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கலையின் முழுக்கை சட்டை தலை வழியாக மாட்டுகிற ரகம், பட்டன் இல்லை. கத்தரிக்கோலால் கீறி எடுத்தார். ஈரத்துணி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டுக் கட்டினார். கேமரா பையை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் உள்ளே தள்ளினார். வீட்டிலிருந்து இரண்டு நைட்டி கொண்டுவரச் சொல்லி யாருக்கோ போன் போட்டார்.

இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் பேசியதை நான் ஒரே மூச்சில் எழுதுகிறேன். அவர் ஒரே மூச்சில் பேசவில்லை. நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தினார்.

"எங்க ஊட்டுக்காரரு இந்த கம்பெனிலதான் வேல. அதே பாய்லர் ரூமு. கட்டு பிய்ஞ்சா பிரிச்சிட்டு புதுசா கட்டணும். சாயங்காலம் வருவாரு, நீ வந்த பாரு, அதே மாரி வெள்ளயா. சட்டய கயட்டிக் குடுப்பாரு. நான் வாசல்ல நின்னு ரெண்டு உதறு உதறிட்டு தண்ணில போடுவேன். பதினோரு வருசம்."

"அவர் இப்ப...?" கலை தயங்கினாள்.

"அவரா? நல்லாத்தான் கீறாரு. தோ, இப்ப நைட்டி எட்துகினு சைக்கிள்ல வருவாரு பாரு."

செல்வியக்கா தன் நெஞ்சில் கையை வைத்தார்.

"எனக்குத்தான். மாடி ஏற முடில, துணி தொவைக்க முடில. பெரிய ஆஸ்பத்திரில படம் புடிச்சாங்க. டாக்டரம்மா கேக்குது, எந்த கம்பெனிலமா வேல செஞ்சேன்னு. நான் எந்த கம்பெனிக்கும் போனதில்லையேன்னேன். அது நம்பல. மறுபடி மறுபடி கேக்குது. அப்பால, ஊட்டுக்காரருக்கு இன்னா வேலன்னு கேட்டுச்சு. சொன்னேன். எயுதுறத நிறுத்திட்டு என்னயே பாத்துச்சு."

இந்தத் துணி கழற்றும் வித்தையெல்லாம் அந்த டாக்டர் சொல்லிக் கொடுத்ததாம். "முப்பது வருசம் கயிச்சி" என்றார் செல்வியக்கா. சிரிக்க முயன்று இருமினார்.

சைக்கிள் வந்தது. செல்வியக்காவின் கணவர் கோவிந்தன் திடகாத்திரமாகத்தான் இருந்தார். நைட்டிகளைத் தார்ப்பாய் மேல் போட்டுவிட்டு, எங்கள் பக்கம் பார்க்காமல் தள்ளிப் போய் நின்றுகொண்டார். கட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் பை கண்ணில் பட்டதும் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டார். அந்த மனிதரிடம் என்ன கேட்பது? அவருக்கு மட்டும் தெரிந்தா உதறக் கொடுத்திருப்பார்?

அடுத்த நாளே நெஞ்சு டாக்டரிடம் போனோம். நான், கலை, மகேஷ். முழுக் கதையையும் கேட்டார். நான் அள்ளி வீசியதைச் சொல்லும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரே ஒரு தடவை. அரை மணி நேரம். இதனால வியாதி வர வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. வருஷக்கணக்கா அதுலயே இருந்தவங்களுக்குத்தான் பெரும்பாலும் வருது. பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க."

"இல்லவே இல்லைன்னு சொல்லலாமா டாக்டர்?" என்று கேட்டாள் கலை.

"அப்படிச் சொல்ல மாட்டேன்மா."

"டெஸ்ட் ஏதாவது?"

"இப்ப எடுத்தா எந்த டெஸ்ட்லயும் ஒண்ணும் தெரியாது. தெரியறதா இருந்தா இருபது வருஷம், முப்பது வருஷம் கழிச்சுத்தான் தெரியும். உங்க ஃபைல்ல எழுதி வைக்கிறேன். பின்னால நெஞ்சுல என்ன பிரச்சினைன்னு எந்த டாக்டர்கிட்ட போனாலும் இதை முதல்ல சொல்லுங்க. சிகரெட் பக்கம் போகாதீங்க. திரும்ப அங்க போகாதீங்க."

துணி மாஸ்க் போட்டிருந்தால் தப்பித்திருப்போமா என்று கேட்டேன். அந்த நார் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது, துணி மாஸ்க் அதற்குக் கொசுவலையில் மாவு சலிக்கிற மாதிரி என்றார்.

நிலாவைப் பற்றி மகேஷ் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் டாக்டர் பொறுமையாக, "குழந்தை மேல எதுவும் படல சார். சரியான நேரத்துல நிறுத்திட்டாங்க" என்றார். மூன்றாவது முறை கேட்டதும் மகேஷ் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார். கண் கலங்கியிருந்தது.

நிலா இரண்டு நாள் அம்மாவிடம் போகவில்லையாம். மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து வந்த கலையை வாசலில் நிறுத்தி, "இன்னிக்கு வரலாமா?" என்று கேட்டிருக்கிறாள்.

அந்த போட்டோக்களில் ஒன்று மிக நன்றாக வந்திருந்தது. வெயில் தூணுக்குள் நான், என்னைச் சுற்றித் தங்கப் பொடி மாதிரித் தூசு. கலை அதை எனக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டு இருவரும் அழித்துவிட்டோம்.

பிளாஸ்டிக் பை இன்னும் கலையின் பால்கனியில், மூடி போட்ட பெயின்ட் பக்கெட்டுக்குள் இருக்கிறது. குப்பை வண்டியில் போட்டால் அதைக் கையால் பிரிக்கிற தொழிலாளிக்குப் போகும். எரிக்கவும் கூடாது, கண்ட இடத்தில் புதைக்கவும் கூடாது. முறைப்படி யாரிடம் ஒப்படைப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேர் துணிக்கே இவ்வளவு. அந்தக் கட்டிடம் முழுவதையும் ஒரு நாள் இடிக்க வருவார்களே, அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? அங்கே வேலைக்கு வருகிறவர்களின் சட்டையை யார் துவைக்கப் போகிறார்கள்?

எங்கள் வீட்டுக் கூரையே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தானே என்று இந்நேரம் உங்களில் சிலர் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். டாக்டரிடம் அதையும் கேட்டேன். முழுசாக இருக்கிற ஷீட்டை அப்படியே விட்டுவிடுங்கள் என்றார். அதில் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், உடைந்த துண்டைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். மாற்றுவதாக இருந்தால் நனைத்துவிட்டு, உடைக்காமல், விவரம் தெரிந்தவர்களை வைத்து இறக்குங்கள்.

கட்டிடத்தின் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து, மகேஷ் நாலு தடவை போனில் பேசினார். முதல் மூன்று தடவை அவர் எங்களை அத்துமீறி நுழைந்தவர்கள் என்றார். உண்மைதான். நாலாவது தடவை மகேஷ் அதை ஒப்புக்கொண்டு, "எங்களை மாதிரி அடுத்து வர்றவங்களுக்கு ஏதாவது ஆனா?" என்று மட்டும் கேட்டாராம். போன வாரம் ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். கலையும் நானும் நேற்று போய்ப் பார்த்துவிட்டு, அப்படியே செல்வியக்காவின் வண்டிக்குப் போனோம். இந்த முறை டீ கிடைத்தது. பக்கத்தில் உட்காரவும் விட்டார்.

மனதில் இருந்ததைக் கேட்டே விட்டேன். "நாங்க உள்ள போறதைப் பாத்திருந்தா அன்னிக்கே தடுத்திருப்பீங்க இல்லக்கா?"

"அன்னிக்கு நான் வண்டி போட வர்றதுக்கு முன்னாலயே நீங்க உள்ள பூந்துட்டீங்க. பாத்திருந்தா சொல்லியிருப்பேன். எத்தினி பேருக்குச் சொல்லிக்கீறேன் தெரியுமா? ஃபோன நீட்டிக்கினு படம் புடிக்க வருதுங்களே, எல்லாருக்கும் சொல்வேன். உள்ள தூசு கீது, போவாதீங்கன்னு."

"கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க. 'தூசு கெடக்கட்டும் ஆயா, உள்ள பேய் கீதா?'ம்பாங்க."

கலை டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க பேய் இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல? பயந்து ஓடியிருப்பாங்க."

"சொன்னேனே. ஒருவாட்டி சொல்லிப் பாத்தேன்." செல்வியக்கா நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டார். "மறுநாளு இருவது பேரு வந்துட்டாங்க."